பட்டை பட்டையாக வந்த பாதம்

"ஃபைல் திறக்கவில்லை" என்று வாடிக்கையாளர் போன் செய்தால் நான் பதறியதே இல்லை. "திறந்துவிட்டது, எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொன்னால்தான் எனக்குச் சந்தேகம் வரும். வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆகியும் அந்தச் சந்தேகம் போகவில்லை. பேரன் அனுப்பும் போட்டோ என் கைபேசியில் உடனே திறந்தால்கூட, அவன் அனுப்பியது இதுதானா என்று திருப்பிக் கேட்பேன். அவன் சிரிப்பான்.

போன மாதம் எங்கள் பழைய கருவிக்கூடத்தில் இப்போது வடிவமைப்புப் பிரிவில் இருக்கும் ஒரு பெண் போன் செய்தாள். அந்தக் காலத்தில் ஒரு கம்ப்யூட்டரில் வரைந்த மாதிரியை இன்னொரு கம்ப்யூட்டருக்கு எப்படிக் கொடுத்தீர்கள், எங்களுக்கு எழுதித் தாருங்கள் என்றாள். "இப்ப அந்தக் கஷ்டமெல்லாம் இல்ல சார். எதுனா குறை இருந்தா சாப்ட்வேரே தானா சரி பண்ணித் திறந்துடும்" என்றும் சொன்னாள். "தானா" என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தொழில்நுட்பம் கற்பிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அந்த எந்திரங்கள் எல்லாம் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன.

எங்கள் கருவிக்கூடம் ஜவ்வாது மலையின் மேற்கு அடிவாரத்தில், ஆலங்காயம் சாலையில் இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்கு ரப்பர் சோல் வார்க்கும் அச்சுகள் செய்வதுதான் முக்கிய வேலை. ஓசூர் பக்கத்துக் கம்பெனிகளுக்குப் பிளாஸ்டிக் சாமான்களின் அச்சுகளும் செய்வோம். நான் டிப்ளமா முடித்து வரைபடப் பலகையின் முன் நான்கு வருடம் நின்றேன். எண்பதுகளின் நடுவில் முதலாளி ஒரு பழைய கம்ப்யூட்டர் வடிவமைப்பு எந்திரத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். பெங்களூருக்குப் போய் ஆறு வாரம் அதைக் கற்றுக்கொண்டு வந்தேன். என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

அந்த எந்திரம் இருந்த அறையில் மட்டும்தான் ஏசி. பச்சைத் திரையில் கோடுகள் மட்டும் தெரியும். ஒரு பரப்பை வரைந்தால் அதன் விளிம்புகள் தெரியும், பரப்பு தெரியாது. ஒரு சோலைப் பார்ப்பது கோழிக் கூண்டைப் பார்ப்பது போல இருக்கும். நடுவில் என்ன இருக்கிறது என்பதை நாமாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

வாடிக்கையாளரின் கம்ப்யூட்டர் வேறு, எங்களுடையது வேறு. ஒன்றின் மொழி மற்றதற்குப் புரியாது. ஐஜெஸ் என்று ஒரு பொது வடிவம் உண்டு. அவர்கள் தங்கள் மாதிரியை அந்தப் பொது வடிவத்துக்கு மாற்றி, காந்த நாடாவில் பதிந்து பார்சலில் அனுப்புவார்கள். நாங்கள் அதை எங்கள் வடிவத்துக்கு மாற்றிக்கொள்வோம். நாடா வந்ததும் நான் செய்யும் முதல் வேலை எண்ணுவது. அந்த ஃபைலில் ஒவ்வொரு வரியும் சரியாக எண்பது எழுத்து. எழுபத்து மூன்றாவது இடத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அந்த வரி எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதை அது சொல்லும். கடைசி வரியில் ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை வரி என்ற கணக்கு. வந்து சேர்ந்த வரிகளை எண்ணி அந்தக் கணக்கோடு ஒப்பிடுவேன். பிறகு நேர்கோடு எத்தனை, வட்டவில் எத்தனை, வளைகோடு எத்தனை, பரப்பு எத்தனை என்று தனித்தனியாக எண்ணுவேன். எண்ணி முடித்ததும் டிரங்க் கால், அதாவது வெளியூர் போன், போட்டு வாடிக்கையாளரிடம் வாசித்துக் காட்டுவேன்.

இந்த முறையை ஏற்படுத்தியவர் எங்கள் தலைமை வடிவமைப்பாளர் வரதராஜன் சார். கண்ணமங்கலத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, கொஞ்சம் கூன். டிரங்க் கால் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார். எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். யாராவது பிரச்சினை என்று வந்தால் அவர் கேட்கும் கேள்விகள் மூன்று. நாம என்ன அனுப்புனோம்? அங்க என்ன போய்ச் சேந்துது? அவங்க இப்ப என்னத்தப் பாக்கறாங்க? மூன்றுக்கும் பதில் இல்லாமல் அவர் முன்னால் போய் நிற்க முடியாது. கோபப்படமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். துடைத்து முடிப்பதற்குள் நாம் திரும்பிப் போய்விட வேண்டும்.

அவர் வைத்த இன்னொரு வழக்கம் சாட்சிக் கோடு. எங்களிடமிருந்து போகும் ஒவ்வொரு ஃபைலிலும், எங்களுக்கு வரும் ஒவ்வொன்றிலும், ஓர் ஓரத்தில் சரியாக நூறு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்கோடு இருக்க வேண்டும். மாதிரியைத் தொடுவதற்கு முன் அந்தக் கோட்டை அளக்க வேண்டும். ஓசூர் வாடிக்கையாளர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டு, கோடு போடாமலே டார்ச் லைட் மூடியின் மாதிரியை அனுப்பினார். அளவு அலகைக் குறிக்கும் இடத்தை அவருடைய எந்திரம் காலியாக விட்டிருந்தது. காலியாக இருந்தால் அங்குலம் என்று எடுத்துக்கொள் என்பது அந்தப் பொது வடிவத்தின் விதி. மில்லிமீட்டரில் வரைந்த மூடி இருபத்தைந்து மடங்குக்கு மேல் பெருத்து வந்து சேர்ந்தது.

"சார், உங்க டார்ச் மூடி எங்க தண்ணித் தொட்டிய மூடற சைஸுக்கு வந்திருக்குதுங்க" என்றேன் போனில்.

"அப்டியே செஞ்சி அனுப்பிடுங்க ஏகாம்பரம், மழ வந்தா கொடையா புடிச்சிக்கிறோம்" என்றார் அவர். அடுத்த நாடாவில் கோடு இருந்தது.

இப்படிச் சிரித்துவிட்டுப் போகக்கூடிய கோளாறுகளே அதிகம். சிரிக்க முடியாத ஒன்றுக்கு இப்போது வருகிறேன்.

மலைமேல் தொழுநோயாளிகளுக்கான ஒரு சிறிய மருத்துவமனை இருந்தது. மாத்திரை சாப்பிட்டு நோய் குணமாகிவிட்டாலும், செத்துப்போன நரம்புக்கு உயிர் திரும்பாது. பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது, தணல் பட்டாலும் தெரியாது. தெரியாமலே நடப்பார்கள், புண்ணாகும், புண் எலும்பு வரை போகும். அதனால் அவர்களுக்குச் செருப்புதான் பாதி மருந்து. அங்கே செருப்புக் கொட்டகையைக் கவனித்தவர் யேசுதாஸ். டயர் ரப்பரை வெட்டி ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாகத் தைத்துக் கொடுப்பார். வருடத்துக்கு எத்தனை கால்தான் ஓர் ஆளால் தைக்க முடியும்? நகரத்துக் கல்லூரி ஒன்றின் விரிவுரையாளர், பாதத்தின் பாரம் எல்லா இடத்திலும் சமமாகப் பரவும்படி, பள்ளமும் மேடுமாக ஒரு சோலைத் தன் கல்லூரிக் கம்ப்யூட்டரில் வடிவமைத்தார். முள் ஏறாத கெட்டி ரப்பர். அதற்கு அச்சு செய்து, சோல் வார்த்துக் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள். முதல் அளவு ஆறாம் நம்பர்.

நாடா வந்தது. எண்ணினேன். வரிகள் சரி. சாட்சிக் கோடு நூறு. ஆனால் திரையில் ஓரக் கோடுகள் மட்டும் நின்றன. பாதம் படியும் மேல்பரப்பு இல்லை. ஏழு வளைபரப்புகளை எங்கள் எந்திரம் புரியவில்லை என்று தள்ளிவிட்டிருந்தது. விரிவுரையாளருக்கு டிரங்க் கால் போட்டேன்.

"உங்க மெஷினுக்கு எந்தப் பரப்புதான் தெரியும்?" என்று கேட்டார்.

"ரெண்டு கோட்டுக்கு நடுவுல நேரா இழுத்த பரப்பு தெரியும் சார். ரெண்டு பக்கமும் வளைஞ்சி போறது தெரியாது."

"அப்ப நான் ஒவ்வொன்னையும் பட்டையா ஒடச்சி அனுப்பறேன். பன்னெண்டு பட்டை போதுமில்ல?"

வரதராஜன் சாரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். போதும் என்றேன்.

இரண்டாவது நாடாவில் எண்பத்து நான்கு பட்டைகள் வர வேண்டும். எண்பத்து நான்கும் வந்தன. ஒன்றுகூடத் தள்ளப்படவில்லை. எந்திரம் எந்தக் குறையும் சொல்லவில்லை. எனக்கு அன்று மிகுந்த திருப்தி.

எங்கள் எந்திரத்துக்குப் புரியும்படி அவர் செய்து கொடுத்த உதவி அது. நல்ல மனதோடு செய்த உதவி. ஆனால் வளைந்த ஒரு பரப்பை நேரான பட்டைகளாக உடைத்தால், பட்டையும் பட்டையும் சேரும் இடத்தில் மடிப்பு விழும். ஓலையை மடித்தது போல. பாதத்தின் நடுப்பகுதியில் வளைவு குறைவு, மடிப்பு தெரியாது. பெருவிரலுக்குப் பின்னால், பாரம் அழுந்தும் இடத்தில், பள்ளத்திலிருந்து மேடேறும் வளைவு அதிகம். அங்கே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு வரப்பு. பச்சைத் திரையில் எல்லாமே கோடு என்பதால், அதுவும் எண்பத்து நான்கில் ஒன்றின் ஓரக் கோடாகவே தெரிந்தது.

சோலில் வரப்பாக இருப்பது அச்சில் பள்ளமாக இருக்கும். அச்சை எமரித் தாளால் தேய்த்த பிட்டர் அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். அச்சிட்ட வரைபடத்திலும் அதே இடத்தில் கோடு இருந்ததால் விட்டுவிட்டார். முதல் ஜோடி சோல் பிரஸ்ஸிலிருந்து வந்தபோது வரதராஜன் சாரும் பார்த்தார்.

"இன்னாய்யா இது, கோடு மாதிரி?"

"படத்துலயே இருக்குது சார்" என்றார் பிட்டர்.

சார் கண்ணாடியைக் கழற்றவில்லை. "சரி, கால் சொல்லட்டும்" என்றார்.

ஷூ வேலை செய்யும் இடங்களில் அதுதான் கடைசித் தீர்ப்பு. அச்சு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், முதல் ஜோடியை அந்த அளவுக் கால் உள்ள ஒருவர் போட்டு நடந்து பார்க்க வேண்டும். அவர் சரி என்றால்தான் அச்சு வெளியே போகும். எங்கள் ஆறாம் நம்பர் கால் முனுசாமி, பிரஸ் ஆபரேட்டர். வாய்த் துடுக்கு அதிகம். "என் ரெண்டு காலு இல்லன்னா இந்தக் கம்பெனி ஓடாது" என்பார். ஆம்பூர் கம்பெனிகளுக்காக எத்தனையோ ஜோடிகளைப் போட்டு முற்றத்தைச் சுற்றியிருக்கிறார். கொஞ்சம் உறுத்தினாலும் எந்த இடம் என்று சுண்ணாம்பால் குறித்துக் காட்டிவிடுவார்.

வார் மாட்டிய அந்த ஜோடியை அவர் முன்னால் வைத்தோம். அவர் ஓர் அடி பின்னால் போனார்.

"இத நான் போட மாட்டேன் சார்."

"ஏன்யா?"

"பெருவியாதிக்காரங்க செருப்பு சார். வூட்ல தெரிஞ்சா எம்பொண்டாட்டி சோறு போட மாட்டா."

"நேத்து நீயே பிரஸ்ல போட்டு எடுத்த ரப்பர்யா. இதுல யாரு காலு பட்டுது?"

"காலு படணும்னு இல்ல சார். பேரு பட்டாலே போதும்."

சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை. வேறு ஆறாம் நம்பர் யாராவது உண்டா என்று பார்வையாலேயே தேடினேன். இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேரும் பிரஸ்ஸின் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். என் கால் ஒன்பது. நுழையவே நுழையாது.

வரதராஜன் சார் தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவருக்கும் ஆறு சரியாக இருந்தது. வாரை இறுக்கிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார். வெயில் நேரம். லாரி நிற்கும் இடம்வரை போய்த் திரும்பினார். மறுபடியும் போனார். கூன் முதுகோடு அவர் நடந்ததை நாங்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்றாவது சுற்று முடிந்து வந்து முனுசாமியின் முன்னால் நின்றார்.

"மெத்த மாதிரி இருக்குதுய்யா. உனக்குக் குடுத்து வைக்கல."

முனுசாமி தலையைக் குனிந்துகொண்டார். அச்சு சரி என்று சார் கையெழுத்துப் போட்டார். அந்த முதல் ஜோடி அப்படியே மலைக்குப் போனது.

யேசுதாஸ் அதைப் பொன்னி என்ற பெண்ணுக்குக் கொடுத்தார். நாற்பது வயது இருக்கும். கணவர் இல்லை. மலைமேல் ஒரு துண்டு நிலத்தில் சாமை போட்டு, நான்கு புளியமரத்தை வைத்துப் பிழைத்தவள். நோய் குணமாகி வெகு நாளாகியிருந்தது. விரல்கள் எல்லாம் சரியாக இருந்தன. பாதத்தில் உணர்ச்சி மட்டும் இல்லை. அன்று ஒரு மணி நேரம் மருத்துவமனை வளாகத்திலேயே நடக்கவிட்டு யேசுதாஸ் அவள் காலைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். புண்ணாகப் போகும் இடம் முன்கூட்டியே சூடாகும்; அப்படி எங்கும் சூடு இல்லை. வாரம் ஒருமுறை வந்து காட்டு என்று சொல்லி அனுப்பினார். அவள் ஊர் இரண்டு மேடு தாண்டி. அந்த வாரம் சாமை அறுப்பு தொடங்கிவிட்டது. அவள் வரவில்லை.

அறுப்பு முடிந்த பிறகு ஒரு காலை எங்கள் வாசலில் யேசுதாஸ் வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே அந்தச் செருப்பு. இடது சோலில், பெருவிரலுக்குப் பின்னால், காய்ந்த கறை இருந்தது. எங்கள் வரைபட மேசைமேல் அதை வைக்க அவர் தயங்கினார். சாரே வாங்கி வைத்தார்.

"பொன்னி காலுல எலும்பு தெரியுதுங்க" என்றார் யேசுதாஸ். "மண்ணுல நின்னுக்கினு அறுத்திருக்குது. சாயங்காலம் செருப்பக் கழட்டுனா ரத்தம். அப்பக்கூட வலிக்கலையேன்னு துணியக் கட்டிக்கினு மறுநாளும் போயிருக்குது."

யேசுதாஸே சோலை ஜன்னலுக்கு எடுத்துப்போய் வெயில் சாய்வாக விழும்படி பிடித்தார். வரப்பு தன் நிழலோடு எழுந்து நின்றது. கறை அந்தக் கோட்டின் மேலேயே இருந்தது.

வரதராஜன் சார் கட்டைவிரலால் அதைத் தடவினார். ஒருமுறைதான். பிறகு தன் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது செருப்பையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, மேசை ஓரத்தைப் பிடித்தபடி இடது காலில் பாரம் முழுவதையும் வைத்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு ஒன்னும் தெரியலையே" என்றார்.

எங்களுக்கு அது என்ன பேச்சு என்று புரியவில்லை. அரை மில்லிமீட்டர் அவ்வளவாகத் தெரியாது சார் என்று நான்தான் சொன்னேன். அதற்குள் முனுசாமி முன்னால் வந்தார். பிரஸ்ஸிலிருந்து எப்போது வந்தார் என்று தெரியாது.

"கழட்டுங்க சார்."

"வேணாம்யா."

"கழட்டுங்க சார், சொல்றேன்ல."

புது ரப்பரைத் தொடமாட்டேன் என்றவர், கறை படிந்த அந்தச் செருப்பில் வெறுங்காலை நுழைத்தார். இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடியில் காலைத் தூக்கிக்கொண்டார்.

"தீக்குச்சி மேல நிக்கற மாதிரி இருக்குது சார். இதோ, இங்க. கண்ண மூடிக்கினே சொல்லுவேன்." தூக்கிய காலைக் கீழே வைக்காமலே நின்றார். "நான் அன்னிக்கே போட்டிருந்தா..."

சார் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார். யேசுதாஸ் இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர் சாருடைய பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கோச்சிக்காதீங்க. ஒக்காருங்க கொஞ்சம்."

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். யேசுதாஸ் தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"கண்ண மூடிக்குங்க. நான் தொட்டதும் எந்த எடம்னு சொல்லுங்க."

சார் கண்ணை மூடிக்கொண்டார். யேசுதாஸ் பேனாவின் முனையால் பெருவிரலின் அடியில் தொட்டார். பிறகு அதன் பின்னால். பிறகு ஓரத்தில். பிறகு மறுபடி நடுவில், இந்த முறை தோல் குழிந்தது.

சார் காத்துக்கொண்டிருந்தார்.

"தொடுங்கய்யா" என்றார்.

யேசுதாஸ் பேனாவை மூடிப் பையில் வைத்தார். "தொட்டுட்டேங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

சாருக்குச் சர்க்கரை வியாதி. அது எங்களுக்குத் தெரியும். டீயில் சர்க்கரை போடக்கூடாது. சர்க்கரையும் கால் நரம்பைத் தின்னும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது, அவர் உட்பட. உணர்ச்சி போகும்போது அது சொல்லிக்கொண்டு போவதில்லை.

அன்றே நான் வேலையில் இறங்கினேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. சாரின் மூன்று கேள்விகளையும் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். கல்லூரி அனுப்பியது பட்டை. எங்களுக்கு வந்து சேர்ந்ததும் பட்டை. நாங்கள் பார்த்தது மட்டும் வழவழப்பான பாதம். விரிவுரையாளரிடம் பரப்பே வேண்டாம், பாதத்தைக் குறுக்கே வெட்டினால் வரும் வளைவுகளின் புள்ளிகளை மட்டும் அனுப்புங்கள் என்றேன். வெட்டுக்கு நாற்பது புள்ளி. அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, எத்தனை வெட்டு என்று மட்டும் கேட்டார். புள்ளிகள் வந்தன. அவற்றின் வழியாக எங்கள் எந்திரத்திலேயே வளைகோடு போட்டு, கோடுகளுக்கு நடுவில் வெட்டு உளியின் பாதையை நெருக்கமாக அமைத்தோம். தகரத்தில் அதே வளைவுகளை வெட்டி, அச்சில் அந்தந்த இடத்தில் வைத்து, நடுவில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தோம்.

அதன் பிறகு எங்கள் கூடத்தில் ஒரு விதி வந்தது. ஃபைல் போனாலும் வந்தாலும் கூடவே ஒரு தாள் இருக்க வேண்டும். மாற்றும்போது எதை உடைத்தோம், எதை விட்டோம், எதற்குப் பதிலாக எதை வைத்தோம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். எத்தனை வந்தது என்ற எண்ணிக்கை அதற்குப் பிறகுதான். தானாகவே சரிசெய்து திறந்துகொள்ளும் என்று அந்தப் பெண் சொன்னபோது, அந்தத் தாளை இப்போது யார் எழுதுகிறார்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

புது அச்சு தயாராவதற்கு முன்னால் சார் என்னையும் அழைத்துக்கொண்டு மலைக்குப் போனார். பொன்னியிடம் நேரில் சொல்ல வேண்டும் என்றார். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். மருத்துவமனைக் கட்டிலில் அவள் உட்கார்ந்திருந்தாள். இடது கால் கட்டோடு ஒரு தலையணைமேல் இருந்தது. சார் நின்றுகொண்டே பேசினார்.

"நான்தாம்மா அந்தச் செருப்பப் போட்டு நடந்து பாத்து, நல்லாருக்குதுன்னு சொன்னவன்."

"எனக்கும் நல்லாத்தான் சார் இருந்திச்சி" என்றாள் அவள். "அறுப்பு பூரா நின்னேன். ஒரு வலி இல்ல. முன்ன மாதிரி காலு வந்துட்ச்சின்னு சந்தோசப்பட்டேன்."

சார் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"உனுக்கும் மதமதன்னு இருக்குதாமே? யேசுதாசு சொன்னாரு."

"ஆமாம்மா."

"எந்தக் காலு?"

"ரெண்டும்."

"அய்யோ" என்றாள். அவள் முகத்தில் அப்போதுதான் நான் வருத்தத்தைப் பார்த்தேன். "தெனம் படுக்கறப்போ அடிப்பக்கம் கண்ணாடி வச்சிப் பாத்துக்கோ சார். மறந்துடாத. நாமதான் போயி இன்னா ஆச்சின்னு கேக்கணும். அது வாயத் தொறக்காது."

சார் அதை மறக்கவில்லை. ஓய்வு பெறும்வரை, மாலை மணி அடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, மேசை டிராயரிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துத் தன் பாதங்களைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். யார் இருந்தாலும் கூச்சப்பட்டதில்லை. அவர் கடைசிவரை இரண்டு காலோடு இருந்தார். அவர் சாவுக்குப் போனபோது நான் பார்த்தேன். ஒரு தழும்புகூட இல்லை.

புது அச்சின் முதல் ஜோடியை முனுசாமி போட்டு நடந்தார். யாரும் கேட்கவில்லை, அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார். முற்றத்தைச் சுற்றிச் சுற்றி, சார் போதும் என்று சொன்ன பிறகும் நடந்தார். உறுத்தவில்லை என்று சொல்ல அவருக்குப் பயமாக இருந்தது போலும். மற்ற இரண்டு ஆறாம் நம்பர்களையும் பிரஸ்ஸின் பின்னாலிருந்து இழுத்து வந்து போடவைத்தார். அவர்களும் போட்டார்கள்.

பன்னிரண்டு ஜோடி வார்த்தோம். வாங்கிப்போக யேசுதாஸ் வந்தார். நான் எண்ணிக் கட்டி வைத்திருந்த சாக்கை அவர் அவிழ்த்து, ஒவ்வொரு சோலையும் வெயிலில் சாய்த்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு ஓர் இடது சோலை மட்டும் எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டு, மற்றவற்றைச் சாக்கில் போட்டார்.

"இதுல இன்னா குறைங்க?" என்று பதறினேன்.

"குறை ஒன்னும் இல்லைங்க. நல்லாத்தான் வந்திருக்குது." சாக்கின் வாயைச் சுருட்டிக் கட்டினார். "பொன்னிக்கு வலது போதும். போன வாரம் முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க."

அவர் சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். நான் அனுப்பும் சீட்டில் இருபத்து நான்கு என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு இருபத்து மூன்று என்று எழுதினேன்.